கல்லூரி இடத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு வீட்டில் இடம் உண்டா?

(பெற்றோர்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



 

ஆண்டுதோறும் மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் பள்ளிவாசல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தொழுகை முடிந்து இமாம் எழுந்திருப்பதற்குள் நான்கைந்து பேர் சூழ்ந்து கொள்வார்கள். "ஹஜ்ரத், மகனுக்கு நல்ல காலேஜ் கிடைக்க துஆ செய்யுங்கள்", "மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கணும், ஓதிப் பாருங்கள்" என்பார்கள். துஆ செய்கிறோம். அது எங்கள் கடமை. ஆனால் அத்தாவின் முதுகுக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும் அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்ததுண்டா? தேர்வு எழுதியபோது இருந்த பயத்தை விட அதிகமான பயம் அதில் தெரியும். அந்தப் பிள்ளை இப்போது பயப்படுவது வினாத்தாளுக்கு அல்ல. நமக்கு!

மார்ச் மாதத்தோடு பிள்ளையின் தேர்வு முடிந்து விட்டது. மே மாதத்தில் மதிப்பெண்ணும் வந்து விட்டது. அதற்குப் பிறகு தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு, ஒதுக்கீட்டு ஆணை என்று ஆகஸ்ட், செப்டம்பர் வரை இழுக்கிறதே, அந்தக் காலம் முழுவதும் நடப்பது பெற்றோரின் தேர்வு. இதில் தேறியவர்கள் எத்தனை பேர், தோற்றவர்கள் எத்தனை பேர் என்று எந்த நாளிதழும் பட்டியல் வெளியிடுவதில்லை. ஆனால் மறுமையில் அந்தப் பட்டியல் வெளியாகும்!

பிள்ளையின் கையில் இல்லாததற்குப் பிள்ளையைக் கேட்காதீர்கள்

இந்தக் காத்திருப்பு எப்படி நடக்கிறது என்பதை முதலில் புரிந்து கொள்ள வேண்டும். பொறியியல் கலந்தாய்வை எடுத்துக் கொள்ளுங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட் ஆஃப் கணக்கிடுகிறார்கள். ஒரே கட் ஆஃப் பெற்றவர்கள் பலர் இருந்தால் கணித மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள்; பிறகு இயற்பியலைப் பார்க்கிறார்கள்; இப்படியே போய்க் கடைசியில் பிறந்த தேதி, அதுவும் ஒன்றாக இருந்தால் கணினி கொடுத்த ரேண்டம் எண் வரை போகிறது. உங்கள் மகனின் தரவரிசையைத் தீர்மானிப்பது அவன் எடுத்த மதிப்பெண் மட்டுமல்ல; தமிழகம் முழுவதும் மற்றப் பிள்ளைகள் எடுத்த மதிப்பெண்ணும்தான். "ரேங்க் ஏன் இவ்வளவு பின்னால் போனது?" என்று அவனை நிறுத்தி வைத்துக் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

நீட் தேர்வின் கதை இன்னும் கடுமையானது. 2024-ஆம் ஆண்டு நாடு முழுவதும் 23 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அதை எழுதினார்கள். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். இருபது பேர் எழுதினால் ஒருவருக்குத்தான் இடம் என்பது எளிய கணக்கு. மற்றப் பத்தொன்பது பேரும் சோம்பேறிகளா? அறிவில்லாதவர்களா? அதே ஆண்டில் ஜூன் 4 அன்று முடிவு வந்தது. வினாத்தாள் கசிவுக் குற்றச்சாட்டும் கருணை மதிப்பெண் குளறுபடியும் எழுந்தன. கருணை மதிப்பெண் பெற்ற 1563 பேருக்கு மறுதேர்வு வாய்ப்பு அளிக்கப்பட்டது. தேர்வை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஜூலை 23-இல் சொல்லும் வரை, எழுதியது செல்லுமா செல்லாதா என்றே தெரியாமல் பிள்ளைகள் தவித்தார்கள். தேர்வு நடத்தியவர்களின் குறைக்குத் தவித்தவர்கள் பிள்ளைகள்! அந்தத் தவிப்பின் மேல் நாமும் நம் பங்குக்கு ஒரு கல்லைத் தூக்கி வைக்கலாமா?

அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதாவை நாம் மறந்து விட முடியாது. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 மதிப்பெண் எடுத்தவர். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். நீட்டின் காரணமாக மருத்துவ இடம் இல்லை என்றானபோது 2017 செப்டம்பர் 1 அன்று தம் உயிரை மாய்த்துக் கொண்டார். சமூக நீதிக்கு எதிரான அந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போராடுவது நம்மைப் போன்ற அமைப்புகளின் வேலை. அதைத் தொடர்ந்து செய்வோம். ஆனால் தெருவில் பிள்ளைகளுக்காகப் போராடி விட்டு, வீட்டுக்கு வந்து அதே பிள்ளைகளைக் கூண்டில் நிறுத்தினால் அது என்ன நியாயம்?

நாவைக் கட்டுங்கள்

உங்கள் பிள்ளைகளுக்கு எதிராக துஆ செய்யாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கேட்டது கொடுக்கப்படும் நேரமாக அது அமைந்து விடக்கூடும் என்று காரணமும் சொல்லி எச்சரித்திருக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. "நீ உருப்படவே மாட்டாய்", "உன்னைப் பெற்றதற்கு..." என்று நம் வீடுகளில் சாதாரணமாக வந்து விழுகின்றனவே, அவையெல்லாம் என்ன? கையேந்திக் கேட்டால்தான் துஆவா? பெற்ற வயிற்றிலிருந்து வரும் சொல்லுக்கு இறைவனிடம் என்ன கனம் உண்டு என்பதை அறிந்த சமுதாயமா இப்படிப் பேசுவது?

அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதுச் சிறுவராக நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்தவர். பத்தாண்டுகள் உடனிருந்தார். நபியவர்கள் ஒரு முறை கூடத் தம்மிடம் 'சீ' என்று சொன்னதில்லை, செய்த ஒன்றை ஏன் செய்தாய் என்றோ செய்யாத ஒன்றை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அவரே பிற்காலத்தில் நினைவு கூர்கிறார். பத்து வயது முதல் இருபது வயது வரை! நம் வீட்டில் வளரும் பிள்ளையின் அதே வயது. நபியவர்களின் உடையை, தாடியை, உண்ணும் முறையைப் பின்பற்றத் தெரிந்த நாம் இந்த சுன்னத்தை மட்டும் எங்கே தொலைத்தோம்?

அரபு நாட்டில் உழைக்கும் தந்தையருக்கு ஒரு வார்த்தை. வெயிலிலும் தனிமையிலும் நீங்கள் படும் பாடு அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனால் தினமும் இரவு போன் செய்து, சலாம் சொன்ன மறு நொடியே "லிஸ்ட் வந்துச்சா?" என்று கேட்கிறீர்களே, அந்த போன் மணி அடித்தாலே பிள்ளை கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொள்வது உங்களுக்குத் தெரியுமா? பட்டியல் வந்தால் அவர்களே சொல்வார்கள். "சாப்பிட்டாயா? தூங்கினாயா?" என்று கேளுங்கள். "அத்தா படும் கஷ்டத்தை நினைத்துப் பார்" என்ற வசனத்தை ஒதுக்கி வையுங்கள். அவர்கள் நினைக்காமல் இல்லை. நினைப்பதால்தான் உறக்கம் வராமல் கிடக்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பேசுவதையும் இந்த மாதங்களில் முழுமையாக நிறுத்துங்கள். பெரியம்மா மகன், பக்கத்து வீட்டுப் பையன், மூத்த அக்கா யாரும் வேண்டாம். உறவினர் கூடும் கல்யாண வீட்டில் "என்ன மார்க்? எங்கே சீட்?" என்று யாராவது கேட்டால், பிள்ளை விழிப்பதற்கு முன் நீங்கள் முந்திக் கொண்டு, "விண்ணப்பித்திருக்கிறோம், அல்லாஹ் நல்லதைத் தருவான், துஆ செய்யுங்கள்" என்று சொல்லிப் பேச்சை முடியுங்கள். வீட்டுக்கு வெளியே உங்கள் பிள்ளைக்கு நீங்கள்தான் கேடயம்.

தொழுகையைத் தடியாக்காதீர்கள்

மார்க்கம் படித்தவன் என்ற முறையில் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். "நீ சுபுஹு தொழாததால்தான் மார்க் குறைந்தது", "குர்ஆனைத் தொடுவதே இல்லை, பிறகு எப்படி சீட் கிடைக்கும்?" என்று பேசும் பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளையின் மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதற்கு அல்லாஹ் உங்களுக்கு வஹீ அறிவித்தானா? தொழாதவனுக்கு இடம் கிடைத்து, ஐவேளையும் தொழும் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனால், நாளை அந்தப் பிள்ளை எதை நம்பும்? தொழுகையை இடம் வாங்கித் தரும் சாதனமாகக் காட்டினால், இடம் கிடைக்காத நாளில் தொழுகையும் சேர்ந்தே போய் விடும்.

அதற்கு மாறாக, பிள்ளையை அழைத்து அருகில் உட்கார வைத்து இஸ்திகாரா தொழுகையைக் கற்றுக் கொடுங்கள். காரியம் நல்லதாக இருந்தால் எளிதாக்கித் தரவும், கெட்டதாக இருந்தால் விலக்கி விட்டு நல்லது எங்கிருந்தாலும் அதைத் தரவும், அதில் மனநிறைவை அளிக்கவும் கேட்கும் துஆ அது. கடைசியில் மனநிறைவையும் சேர்த்துக் கேட்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்களே, அதுதான் இந்த மாதங்களில் நம் வீடுகளுக்குத் தேவையான மருந்து. தஹஜ்ஜுதில் நீங்கள் எழுந்தால் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவன் காதில் விழுந்தால் இன்னும் நல்லது. தன்னைத் திட்டும் குரலையே கேட்டுப் பழகியவன் தனக்காக அழும் குரலையும் கேட்கட்டும்.

ஒட்டகத்தைக் கட்டுவது நம் வேலை

ஒட்டகத்தைக் கட்டி விட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் இது. காத்திருக்கும் காலத்தில் கட்ட வேண்டிய ஒட்டகங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை பெற்றோர் கையில் உள்ளவை.

முதலாவது, சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவிகிதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகிதத் தனி இட ஒதுக்கீடு 2007-இல் கிடைத்தது. எத்தனை மாநாடுகள், எத்தனை பேரணிகள் நடத்திப் பெற்ற உரிமை அது! சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று முறையாகப் பதிவாகாமல் இருந்தால், அந்த உரிமை உங்கள் வீட்டு வாசல் வரை வந்து திரும்பிப் போய் விடும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், தந்தையின் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றிருந்தால் இப்போதே சரி செய்யுங்கள். மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தால் அதற்கான ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ். வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்றால், கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்றவற்றில் 2021-இலும் வந்தது. இப்படிச் சேரும் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

மூன்றாவது, செல்போன் எண். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையத்தில் நடக்கிறது. விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்குத்தான் ரகசிய எண்ணும் தகவல்களும் வரும். அவசரத்தில் பிரவுசிங் சென்டர்க்காரரின் எண்ணைக் கொடுத்து விட்டு, கடைசி நாளில் அவர் கடையைத் தேடி ஓடாதீர்கள். விருப்பப் பட்டியலில் கல்லூரிகளை நம் உண்மையான விருப்ப வரிசையிலேயே அடுக்க வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், இந்த இடம் போதும் என்றோ, இதை வைத்துக் கொண்டு இதற்கு மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்றோ, குறிப்பிட்ட நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். பதில் கொடுக்காமல் விட்டால் இடம் போய் விடும். இந்த நாட்களில் வெளியூர்ப் பயணம், விசேஷம் எதுவும் வைத்துக் கொள்ளாமல் பிள்ளையின் அருகில் இருங்கள்.

கட்டக் கூடாத ஒட்டகமும் ஒன்றுண்டு. "மெடிக்கல் சீட் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று இந்தக் காலத்தில் தரகர்கள் வருவார்கள். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். ஹராமான வழியில் வாங்கிய இடத்தில் எந்த பரக்கத்தைத் தேடப் போகிறீர்கள்? வெளிநாட்டு மருத்துவப் படிப்பு என்றால், அதற்கும் நீட் தேர்ச்சி வேண்டும், குறைந்தது 54 மாதப் படிப்பாக இருக்க வேண்டும், திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்பதையெல்லாம் விசாரிக்காமல் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்.

பல வாசல்கள் வழியாக

யூசுஃப் அத்தியாயத்தில் ஒரு செய்தி வருகிறது. தம் மக்களை எகிப்துக்கு அனுப்பிய யஃகூப் நபி (அலை) அவர்கள், எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையாமல் வெவ்வேறு வாசல்கள் வழியாக நுழையும்படி சொல்லி அனுப்புகிறார்கள். அதே மூச்சில், அல்லாஹ்வின் முடிவை என்னால் தடுக்க முடியாது என்றும் சொல்கிறார்கள். முயற்சியும் தவக்குலும் ஒரு தந்தையின் வாயிலிருந்து ஒன்றாக வருகின்றன!

நம் பிள்ளைகளுக்கு நாம் ஒரே வாசலைத்தான் காட்டியிருக்கிறோம். டாக்டர், இல்லையென்றால் இன்ஜினியர். அந்த வாசல் அடைத்தால் உலகமே அடைத்தது போல் பிள்ளை நினைப்பதற்கு யார் காரணம்? நம் முன்னோர் அப்படியா இருந்தார்கள்? 1919-இலேயே வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. 1951-இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றின. அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, உத்தமபாளையத்தில் கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, இளையான்குடியில் ஜாகிர் உசேன் கல்லூரி, பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என்று தங்கள் வியாபாரச் செல்வத்தை வாசல்களாகத் திறந்து வைத்துப் போனார்கள். சட்டம், ஆசிரியர் பயிற்சி, செவிலியர், வணிகவியல், தமிழ், வரலாறு எதுவும் இழிவான படிப்பல்ல. நீதிமன்றத்திலும் தலைமைச் செயலகத்திலும் பத்திரிகை அலுவலகத்திலும் நம்மவர் இல்லையே என்று மேடையில் வருந்துகிறோம். அந்த வாசல்களுக்கு நம் வீட்டிலிருந்து யாரை அனுப்பினோம்?

ஆகவே, ஒரு விண்ணப்பத்தோடு நிறுத்தாமல் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். "இது கிடைக்காவிட்டால் அது" என்று இரண்டாவது, மூன்றாவது திட்டத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள். எழுதி வைத்த இரண்டாவது வழி ஒன்று இருந்தால், பிள்ளையின் மார்பில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பாரம் இறங்கி விடும்.

பெண்பிள்ளையின் காத்திருப்பு

மகன் காத்திருந்தால் எந்தக் கல்லூரி என்று யோசிக்கிறோம். மகள் காத்திருந்தால் எந்த மாப்பிள்ளை என்று யோசிக்கிறோம். "லிஸ்ட் வருவதற்குள் நல்ல இடமாக வந்தால் முடித்து விடலாம்" என்று பேசப்படுவதை அடுத்த அறையிலிருந்து அவள் கேட்டுக் கொண்டிருக்கிறாள். அவள் காத்திருப்பது ஒதுக்கீட்டு ஆணைக்கா, பெண் பார்க்க வருபவர்களுக்கா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. பெண்ணின் சம்மதத்தைக் கேட்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. விண்ணப்பம் போட்டு விட்டால், முடிவு வரும் வரை கல்யாணப் பேச்சு இல்லை என்று அவளிடம் வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகள் உயர்கல்வி கற்க மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. வசதியில்லை என்று சொல்வதற்கு முன் இவற்றை விசாரியுங்கள்.

பெயர் வராத நாளில்

எல்லாம் செய்தும் பட்டியலில் பெயர் வராமல் போகலாம். அந்த ஒரு நாளில் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையை உங்கள் பிள்ளை சாகும் வரை மறக்காது. 'அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே' என்ற பேச்சு ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். "அப்பவே சொன்னேன், கேட்டாயா?" என்பது அந்த வாசலைத் திறக்கும் சாவி. அன்று அதை விழுங்கி விடுங்கள். பிள்ளையை அணைத்துக் கொள்ளுங்கள். "நீ முயன்றாய். எங்களுக்குத் தெரியும். நாளை அடுத்ததைப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். அன்றிரவு பிள்ளையைத் தனியே படுக்க விடாதீர்கள்.

துணைத் தேர்வு இருக்கிறது. விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும் இருக்கின்றன. அடுத்த சுற்றுக் கலந்தாய்வு இருக்கிறது. அடுத்த ஆண்டும் இருக்கிறது. ஆனால் போன உயிர் திரும்பாது. தற்கொலை ஹராம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். சரிதான். அந்த எண்ணத்தின் விளிம்புக்குப் பிள்ளையைத் தள்ளும் சொல் ஹலால் ஆகி விடுமா? சாப்பிடாமல், பேசாமல், உறங்காமல் பிள்ளை ஒடுங்கிக் கிடந்தால், "நான் இருந்து என்ன பயன்" என்பது போலப் பேசினால், அதை ஜின் என்றும் கண்ணேறு என்றும் சொல்லி நாட்களைக் கடத்த வேண்டாம். அரசின் 104 எண்ணிலும், டெலிமானஸ் 14416 எண்ணிலும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது. மருத்துவரிடம் காட்டுங்கள். ஓதிப் பார்ப்பதும் வைத்தியம் செய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மூஸா நபியின் தாயாரை நினைத்துப் பாருங்கள். குழந்தையை ஆற்றில் விட்ட பின் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகி விட்டதைக் குர்ஆன் மறைக்காமல் சொல்கிறது. அல்லாஹ் அந்த உள்ளத்தை உறுதிப்படுத்தினான். அந்தத் தாயும் கதறிக் காரியத்தைக் கெடுக்காமல், பெட்டியைப் பின்தொடர்ந்து பார்த்து வருமாறு மகளை அனுப்பினார். உள்ளே நடுக்கம், வெளியே நிதானம், கண் பிள்ளையின் மீது! காத்திருக்கும் பெற்றோருக்கு இதை விட வேறென்ன பாடம் வேண்டும்?

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

முத்தவல்லிகளே, சங்க நிர்வாகிகளே! நிக்காஹ் பதிவேடும் ஜனாஸாக் குளிப்பாட்டும் அறையும் உள்ள நம் பள்ளிவாசல்களில், மே முதல் செப்டம்பர் வரை ஒரு மேசையும் கணினியும் கல்லூரியில் படிக்கும் இரண்டு இளைஞர்களும் இருக்கட்டும். அவர்கள் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கட்டும், சான்றிதழைச் சரிபார்க்கட்டும், கடைசித் தேதிகளை அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். ஒதுக்கீடு வந்து சேர்க்கைக் கட்டணம் கட்ட இரண்டு மூன்று நாட்களே இருக்கும்போது வட்டிக் கடையை நோக்கி ஓடும் தந்தைக்கு, பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கிடைக்கட்டும். முதல் மதிப்பெண் பெற்றவருக்குப் பொன்னாடை போர்த்தும் விழாவோடு நம் கல்விப் பணி முடிந்து விடக் கூடாது. இடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டுக் கதவை இரண்டு பேர் போய்த் தட்டி, "வா தம்பி, வேறு வழி பார்ப்போம்" என்று அழைத்து வருகிற மஹல்லாதான் உயிருள்ள மஹல்லா.

அன்பான பெற்றோர்களே! கல்லூரியில் இடம் தருவது அரசும் பல்கலைக்கழகமும். அது வரலாம், தாமதமாகலாம், வராமலும் போகலாம். உங்கள் வீட்டில், உங்கள் நெஞ்சில் உள்ள இடத்தைத் தருவது நீங்கள் மட்டுமே. அதற்குக் கட் ஆஃப் கிடையாது, தரவரிசை கிடையாது, கடைசித் தேதியும் கிடையாது. இன்று வீட்டுக்குப் போனதும் அதைப் பிள்ளையிடம் வாய் திறந்து சொல்லுங்கள். மனதுக்குள் வைத்திருக்கும் பாசம் பிள்ளையின் காதில் விழாது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! எங்கள் நாவிலிருந்து அவர்களைக் காப்பாயாக! திறக்கும் வாசலில் நன்றியையும், அடைக்கும் வாசலில் அழகிய பொறுமையையும் எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.